சட்டைக்குள் கிடந்தவள்

போன மாதம் காது காட்டுவதற்காக ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். காத்திருக்கிற இடத்தில் சுவர் நிறைய ஒரு படம் மாட்டியிருந்தார்கள். இளம் தகப்பன் ஒருவன் சட்டை இல்லாமல் சாய்வு நாற்காலியில் கிடக்கிறான். அவன் நெஞ்சில் தொப்பி போட்ட பச்சைக் குழந்தை. குறைமாதப் பிள்ளைகளைத் தகப்பன்மாரும் இப்படித் தோலோடு தோல் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும், எல்லாவற்றையும் தாய் தலையில் கட்டக்கூடாது என்று கீழே மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. எழுதியதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அந்தப் பயல் பல் அத்தனையும் தெரியச் சிரிக்கிறான் பாருங்கள், அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அப்படிக் கிடந்த நாட்களில் ஒரு தடவைகூடச் சிரித்த ஞாபகம் இல்லை. என் பெயரைக் கூப்பிட்டது காதில் விழாமல், எனக்குப் பின்னால் வந்தவர் உள்ளே போய்விட்டார்.

எழுபதுகளின் நடுவில் நடந்த விஷயம். கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் ஒன்றரை அறையில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். நான் டல்ஹௌசி ஸ்கொயரில் ஒரு சர்க்கார் கம்பெனியில் கிளார்க். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி ஐந்தாவது வருஷம் வயிற்றில் தங்கிய முதல் பிள்ளை. பிரசவத்துக்கு ஊருக்குக் கூட்டிப் போக மெட்ராஸ் மெயிலில் டிக்கெட்கூட எடுத்துவைத்திருந்தேன். பிள்ளைக்கு அதுவரை பொறுமை இல்லை.

ஜனவரி மாதம். ஏழரை மாதம் நடந்துகொண்டிருந்தது. காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தவள், “ஏங்க, கண்ணு என்னமோ மங்கலா இருக்கு,” என்றாள். கால் இரண்டும் வீங்கிக் கிடந்ததை நான் ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கர்ப்பிணிக்குக் கால் வீங்கும், அதற்கென்ன என்று இருந்துவிட்டேன். புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். டம்ளர் கீழே விழுந்தது, அவளும் விழுந்தாள், கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. எதிர்வீட்டு அக்கா, அவளும் எங்கள் ஊர்ப் பக்கம்தான், ஓடிவந்து வாயில் துணியைத் திணித்தாள். டாக்ஸியில் போட்டுக்கொண்டு, என் ஆபீஸ் லிஸ்டில் இருந்த ஒரே நர்சிங் ஹோமுக்கு, பெஹாலாவுக்குப் பறந்தோம்.

அங்கே டாக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு வங்காளி அம்மாள். அதிகம் பேசமாட்டாள். “பிள்ளையை வெளியே எடுத்தால்தான் தாய்க்கு இழுப்பு நிற்கும். எடுத்தால் பிள்ளை தங்குமா என்று கேட்காதீர்கள்,” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. பெண். ஒன்றேகால் கிலோ. தோல் அத்தனை மெல்லிசு, உள்ளே ஓடுகிற நரம்பெல்லாம் தெரிந்தது. என் மனைவியை நினைவில்லாமலே இரண்டாவது மாடியில் பெண்கள் வார்டில் ஓர் ஓரமாக, ஜன்னலைச் சாத்தி இருட்டில் போட்டார்கள். வெளிச்சம் பட்டாலோ சத்தம் கேட்டாலோ மறுபடி இழுப்பு வருமாம். பிள்ளை கீழே, தெருப் பக்கத்து அறையில்.

குறைமாதப் பிள்ளைகளுக்கென்று அங்கே இருந்தது ஒரு மரப்பெட்டி. மேலே கண்ணாடி, உள்ளே நான்கு பல்பு. பல்பு எரிகிற வரை சூடு இருக்கும், அணைந்தால் அது வெறும் பெட்டி. அந்த வருஷங்களில் கல்கத்தாவில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. லோடு ஷெடிங் என்ற வார்த்தை தெரியாத நண்டு சிண்டுகூட அந்த ஊரில் கிடையாது. அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் போயிற்று. வார்டைப் பார்த்துக்கொண்ட ஆயா, சித்தி என்ற அர்த்தத்தில் எல்லோரும் அவளை ‘மாசி’ என்பார்கள், ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றிப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வைத்தாள். அரை மணியில் ஆறிப்போயிற்று. மறுபடி வெந்நீர் போட ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் இல்லை. பிள்ளையின் கால் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. நான் வாசலில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

டாக்டரம்மா வந்து பார்த்தாள். பிள்ளையின் காலைத் தொட்டாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“காய்ச்சல், இருமல், சொறி சிரங்கு ஏதாவது உண்டா உங்களுக்கு?”

“இல்லை.”

“சட்டையைக் கழற்றுங்கள்.”

எனக்கு விளங்கவில்லை. “உங்கள் உடம்பு முப்பத்தேழு டிகிரி. அங்கே லோடு ஷெடிங் கிடையாது. கழற்றுங்கள்,” என்று அதட்டினாள்.

“நானா?” என்றேன்.

“வேறு யார் இருக்கிறார்கள்?”

வேறு யாரும் இல்லைதான். தந்தி கொடுத்திருந்தேன், ஊரிலிருந்து யார் கிளம்பினாலும் டிக்கெட் கிடைத்து வந்து சேரப் பத்து நாளாவது ஆகும். எதிர்வீட்டு அக்காவுக்குக் குளிர்காலம் முழுக்க இருமல், அவளைப் பிள்ளை இருக்கிற அறை வாசலிலேயே டாக்டரம்மா நிறுத்திவிட்டாள். மாசிக்கு இருபது கட்டில். ஆனால் நான் எப்படி? எங்கள் வீடுகளில் பிள்ளைக்குத் தலை நிற்கிற வரை ஆம்பிளை கையில் கொடுக்கமாட்டார்கள். தங்கை பிள்ளையைக்கூட நான் தொட்டிலில் கிடக்கும்போது விரலால் தொட்டதோடு சரி. மாசி ஒரு பிளேடைக் கொண்டுவந்து என் நெஞ்சு முடியைச் சிரைத்தாள். பிள்ளை மூக்கில் முடி போகுமாம். அந்தக் குளிரில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், முன்பின் தெரியாத பொம்பிளை நெஞ்சைச் சிரைக்க, நான் மாடு மாதிரி நின்றேன். பிறகு பிள்ளையை எடுத்துக் குப்புற என் மேல் வைத்தாள்.

ஐஸ் கட்டியை வைத்தது போல இருந்தது. அதுதான் என் மகள் எனக்குத் தந்த முதல் உணர்ச்சி. பாசம் கீசம் எல்லாம் பிறகு வந்தது, முதலில் வந்தது குளிர். மனைவி அன்று உடுத்திவந்த பருத்திச் சேலையால் என் முதுகையும் பிள்ளையையும் சேர்த்துச் சுற்றிக் கட்டி, அதற்கு மேல் என் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர் போட்டுவிட்டாள் மாசி. “ஆஸ்தே பாபு, ஆஸ்தே,” என்றாள். மெதுவாக மூச்சு விடு என்கிறாள். ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வந்து சட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பிள்ளையின் கால் சூடாகியிருந்தது. உடனே மாடிக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் இப்படி ஓடியது. கரண்ட் இருந்தால் பிள்ளை பெட்டியில், நான் பெஞ்சில். கரண்ட் போனால் பிள்ளை என் மேல். இரண்டு தடவை மாடிக்குப் போய் வார்டு வாசலில் நின்று மனைவியைப் பார்த்தேன். நினைவில்லாமல் கிடந்தாள், வாய் கோணியிருந்தது. மூன்றாம் நாள் காலையில் பெட்டிக்குள் கிடந்த பிள்ளைக்கு மூச்சு நின்றது. மாசி ஓடிவந்து உள்ளங்காலில் விரலால் சுண்டினாள். இரண்டு சுண்டு சுண்டியதும் ஒரு முனகல், மூச்சு வந்துவிட்டது. இனிமேல் பெட்டியே வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். “இதுகளுக்கு மூச்சு விட மறந்துபோகும். உங்கள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து ஞாபகம் வரும். கீழே இறக்காதீர்கள். மறந்தால் காலில் சுண்டுங்கள்.”

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை இல்லை. மூச்சு எண்ணுவதுதான் வேலை. வீங்கிய கண்ணோடு, மங்கி கேப் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருப்பேன். பத்து எண்ணுவதற்குள் அடுத்த மூச்சு வரவில்லை என்றால், “ஏட்டி, மூச்சு விடுட்டி, உனக்கு என்ன கேடு,” என்று திட்டிக்கொண்டே சுண்டுவேன். தூங்கினால் நசுக்கிவிடுவேனோ என்று பயம். ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் மாசி ஐந்து நிமிஷம் வாங்கிக்கொள்வாள், திரும்பி வருவதற்குள் பிள்ளையின் விரல் நீலமாகியிருக்கும்.

அந்த மூன்றாம் நாள்தான் என் மனைவிக்கு நினைவு திரும்பியது. பார்க்கிற நேரம் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு. அந்த நேரத்திலும் பிள்ளை என் மேல்தான். பிள்ளையை மாடிக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது டாக்டரம்மா கட்டளை. மாடி வராந்தாவில் காற்று ஊசி மாதிரிக் குத்தும், வார்டில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். இதெல்லாம் நிஜமான காரணங்கள்தான். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு உள்ளுக்குள் இன்னொன்றும் இருந்தது. போய் அவளிடம் “பிள்ளை இருக்கு” என்று சொல்லிவிட்டு, மறுநாள் “போயிட்டு” என்று சொல்ல நேர்ந்தால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? அதனால், எதிர்வீட்டு அக்கா பார்க்கப் போகிறாளே, அவள் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

அக்கா போய்விட்டு இறங்கி வந்தாள். அறை வாசலிலேயே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

“தம்பி, அவ நம்ப மாட்டேங்கா. பிள்ள செத்துட்டுன்னு சாதிக்கா.”

“என்ன சொன்னீங்க அவகிட்ட?”

“உள்ளதச் சொன்னேன். பிள்ள அவுக நெஞ்சுல கெடக்கு, அத விட்டுட்டு வர முடியலன்னேன். ‘ஆம்பள நெஞ்சுல பிள்ளயா? கதை கட்டுனாலும் ஒரு ஒழுங்கா கட்டத் தெரியலயா அவுகளுக்கு?’ங்கா.”

எனக்குக் கோபம்தான் வந்தது. இங்கே நான் நாய் படாத பாடு படுகிறேன், இவளுக்கு இது கதையாம். ஒரு பிரிஸ்கிரிப்ஷன் தாளின் பின்புறத்தில், பிள்ளையின் தலைக்கு மேலே கையை நீட்டி வைத்துக்கொண்டு எழுதினேன். ‘பாப்பா உயிரோடு இருக்கிறாள். உன் சேலையால்தான் கட்டியிருக்கிறேன். பால் கொடுத்தனுப்பு.’ அக்கா மறுபடி ஏறிப் போனாள், மறுபடி இறங்கினாள்.

“தாளப் படிச்சுட்டுக் கிழிச்சுட்டா தம்பி. ‘எங்க அப்பா செத்ததயே ரெண்டு நாளு மறச்சவுகதான அவுக, இத மறைக்க மாட்டாகளா’ன்னு கேக்கா. ‘நீங்களும் அன்னைக்குக் கூடத்தான இருந்தீங்க’ன்னு என்னையும் சொல்லிட்டா.”

அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

அதற்கு இரண்டு வருஷம் முந்தி என் ஆபீஸுக்கு ஒரு தந்தி வந்தது. அவளுடைய அப்பா காலமாகிவிட்டார். எங்கள் பக்கத்தில் சாவை யாரும் நேரே சொல்லமாட்டார்கள். தூரத்தில் இருக்கிற பெண்ணுக்கு ‘சீரியஸ், உடனே கிளம்பு’ என்றுதான் சொல்வார்கள், ரயிலில் அழுது புரண்டு ஏதாவது ஆகிவிடக்கூடாது என்று. நானும் அதைத்தான் செய்தேன். “அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லையாம், ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம்,” என்றேன். தந்தியைப் பார்த்துவிட்டிருந்த எதிர்வீட்டு அக்கா, முகத்தில் ஒன்றும் காட்டாமல் புளியோதரை கட்டிக்கொடுத்தாள். இரண்டு நாள் ரயிலில் என் மனைவி எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசினேன், காபி வாங்கிக் கொடுத்தேன். கோதாவரிப் பாலத்தில் அப்பாவுக்குச் சுகமாக வேண்டும் என்று ஆற்றில் போட அவள் காசு கேட்டாள். என் பையிலிருந்து எடுத்து நானே கொடுத்தேன். ஊரில் தெருமுனையில் திரும்பியதும் வாசலில் மொட்டைத் தலையோடு நின்ற தம்பியைப் பார்த்தாள். அவள் அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மறந்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பாருங்கள். அவளுக்கு உடம்பு முடியாத நேரம், புருஷன் மூன்று நாளாக முகம் காட்டவில்லை, வருகிறவர்கள் எல்லாம் “பிள்ளை நல்லா இருக்கு” என்கிறார்கள். அவள் எங்கள் ஆட்களை நன்றாக அறிந்தவள். நம்பவில்லை என்றால் அது அவள் தப்பா?

நம்பாமல் போனால் போகட்டும் என்று விடமுடியாதபடி பால் வந்து குறுக்கே நின்றது. முதல் மூன்று நாள் சர்க்கரைத் தண்ணீரும் தண்ணீர் விட்ட பசும்பாலும் சொட்டுக் குழாயால் மாசி புகட்டினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பிள்ளையின் வயிறு உப்பிக்கொண்டது, பச்சையாகக் கக்கியது. “பசும்பாலை நிறுத்துங்கள். தாய்ப்பால் வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை,” என்றாள் டாக்டரம்மா. மாசி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். என் மனைவி ரவிக்கைக் கொக்கிகளை மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாளாம். மார் இரண்டும் கல்லாகக் கட்டிக் கிடக்கிறது, காய்ச்சல் வேறு, ஆனால் தொடவிடவில்லை. “யாருக்கு?” என்று ஒரே கேள்வி. மாசிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சரியாகக் கேட்டு வந்து என்னிடம் சொன்னாள். டாக்டரம்மாவே போய் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் சொல்லிப் பார்த்தாள். அவளையும் நாங்கள் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்துவிட்டாள் என் மனைவி.

மாசி வேறொரு தாயின் காலைப் பிடிக்காத குறையாக ஒரு வேளைப் பால் வாங்கி வந்தாள். அடுத்த வேளைக்கு அந்தப் பெண்ணின் மாமியார் விடவில்லை. நான் புத்தி கெட்டுப்போய், பிள்ளை நனைத்த துணியை அக்காவிடம் கொடுத்து, “இத கொண்டுபோய்க் காட்டுங்க,” என்றேன். கறுப்பாக மலம் ஒட்டிய துணி. ஒரு தகப்பன் தன் பிள்ளை உயிரோடு இருப்பதற்குச் சாட்சியாக அதைத்தான் அனுப்பினான். அவள் அதைப் பார்த்துவிட்டு, “இந்த ஆஸ்பத்திரியில வேற பிள்ளயே இல்லயாக்கும்?” என்று கேட்டாளாம்.

ஐந்தாம் நாள் விடிந்ததிலிருந்து இரண்டு தடவை மூச்சு நின்றது. முதல் தடவை மூன்று சுண்டு, இரண்டாவது தடவை ஆறு. பிள்ளையின் வாய் என் தோலில் எதையோ தேடியது. என் நெஞ்சில் என்ன இருக்கிறது, வேர்வையைத் தவிர? அது உறிஞ்சிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. எனக்கு அப்போது வந்த அழுகையை அடக்க முடியவில்லை. ஆம்பிளையாகப் பிறந்ததற்காக வாழ்க்கையில் நான் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் நாலரைக்குக் கரண்ட் போயிற்று. டாக்டரம்மா வேறொரு கேஸுக்குப் போயிருந்தாள். நான் எழுந்தேன். சேலையை இறுக்கிக்கொண்டு, ஸ்வெட்டர் பட்டனைப் போட்டுக்கொண்டு மாடிப்படிக்கு வந்தேன். மாசி பார்த்துவிட்டாள். “பாகல்!” என்று கத்திக்கொண்டு படியில் குறுக்கே நின்றாள். பைத்தியம்தான், யார் இல்லையென்றார்கள்? “தூத்,” என்றேன். பால் என்பதற்கு அவர்கள் மொழியில் எனக்குத் தெரிந்த வார்த்தை. “தூத், மாசி, தூத்.” வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் தோளில் கிடந்த கம்பளியை எடுத்து என்னைச் சுற்றிப் போர்த்திவிட்டு, அரிக்கேன் விளக்கோடு முன்னால் ஏறினாள்.

இரண்டு மாடி. ஐந்து நாள் உட்கார்ந்தே கிடந்த உடம்பு. எனக்கு மூச்சு வாங்கியது, நெஞ்சு திம் திம் என்று அடித்தது. பாதிப் படியில்தான் உறைத்தது, என் நெஞ்சு இப்படி ஆடும்போது பிள்ளை மூச்சு விடுகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நின்று பார்க்கலாம் என்றால் வராந்தாவில் காற்று அடிக்கிறது. நிற்காமல் ஓடினேன்.

வார்டில் ஆம்பிளையைப் பார்த்ததும் பெண்கள் தலைக்கு முக்காடு இழுத்துக்கொண்டார்கள். கடைசிக் கட்டிலில் என் மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாசி விளக்கை உயர்த்தினாள். அவள் திரும்பினாள். முதலில் என் முகத்தை, பிறகு என் நெஞ்சு புடைத்திருப்பதைப் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்தாள்.

“மொகம் பாக்கவா கொண்டாந்தீங்க?” என்றாள்.

எங்களில் அடக்கம் செய்யக் கொண்டுபோகுமுன் தாய்க்குக் கடைசியாக முகம் காட்டுவார்கள். அதற்குத்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள்.

“இல்ல, உசுரு இருக்கு. பாரு, நீயே பாரு,” என்று சொல்லிக்கொண்டே சேலையை விலக்கினேன். பிள்ளையின் முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அசைவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. சின்ன விரலளவு பாதத்தைப் பிடித்துச் சுண்டினேன். ஒன்றுமில்லை. மறுபடி. ஒன்றுமில்லை. “ஏட்டி! ஏட்டி! உங்க அம்மா முன்னால வச்சு ஏமாத்தாதட்டி!” என்று வார்டே கேட்கக் கத்தினேன். எத்தனை தடவை சுண்டினேன் என்று தெரியாது. கடைசியில் துருப்பிடித்த கீல் கிறீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

என் மனைவி அசையவில்லை. “இன்னொரு தடவ,” என்றாள்.

“வேண்டாம், அதுக்கு வலிக்கும்.”

“நீங்க சத்தம் குடுத்தீங்களோ என்னமோ. தள்ளுங்க.”

அவளே கையை நீட்டிச் சுண்டினாள். பலமாக. பிள்ளை மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு அலறியது, முகம் சிவந்தது, காலை உதைத்தது. இதுவரை என்னிடம் அப்படி அழுததே இல்லை. “கத்துதாளே,” என்றாள் என் மனைவி. “ஏங்க, கத்துதாளே.” அவளுடைய ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து பால் கீழே வழிந்தது, அவளுக்கு அது தெரியவேயில்லை. மாசிதான் ஓடிப்போய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து பிடித்தாள்.

கிண்ணம் நிறைந்த பிறகு என் மனைவி என் கையைப் பிடித்துப் பிள்ளையின் தலையில் வைத்தாள். “இனிமே என்ன ஆனாலும் எங்கிட்ட மறைக்கக் கூடாது. அந்த நிமிசமே வந்து சொல்லணும். இவ மேல சத்தியம் பண்ணுங்க.” பண்ணினேன்.

டாக்டரம்மா வந்து, மனைவி பிள்ளையைக் கையில் வாங்குமுன் என்னைக் கண்டபடி ஏசிக் கீழே விரட்டினாள். மறுநாள் அவளே கீழே பிள்ளையின் பக்கத்தில் தாய்க்கு ஒரு கட்டில் போடச் சொல்வதாக இருந்தாள், ஆனால் மனைவிக்கு மறுபடி ரத்த அழுத்தம் ஏறி, படுக்கையை விட்டு அசைக்கக் கூடாது என்றாகிவிட்டது. பால் மட்டும் தவறாமல் இறங்கி வந்தது. ஆறாம் நாள் பிள்ளையின் வயிறு கொஞ்சம் தணிந்தது. ஏழாம் நாள் நாலு சொட்டு அதிகம் குடித்தாள். எட்டாம் நாள் மறுபடி உப்பியது, இந்தத் தடவை தொட்டால் பலகை மாதிரி இருந்தது. குடல் கெட்டுவிட்டது, இது பால் தாமதமானதால் வந்தது இல்லை, இத்தனை சின்னப் பிள்ளைகளுக்கு வருவதுதான் என்று டாக்டரம்மா சொன்னாள். நான் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது.

ஒன்பதாம் நாள் காலை எட்டு மணி இருக்கும். வெயில் அறைக்குள் வந்திருந்தது, கரண்ட்கூட இருந்தது. பத்து எண்ணினேன், அடுத்த மூச்சு வரவில்லை. சுண்டினேன். மாசி வந்து சுண்டினாள். டாக்டரம்மா வந்து வாயில் வாய் வைத்து ஊதினாள். பிறகு அவள் என் தோளில் கை வைத்தாள். “கொஞ்ச நேரம் கழித்து, நான் வந்து உங்கள் மனைவியிடம் பக்குவமாகச் சொல்கிறேன்,” என்றாள்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பிள்ளையை மறுபடி நெஞ்சில் வைத்துச் சேலையைக் கட்டிக்கொண்டு மாடி ஏறினேன். அவள் விழித்துக்கொண்டு படுத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, “பிள்ள போயிட்டு. இப்பத்தான்,” என்றேன்.

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். கட்டை அவிழ்த்துக் கொடுத்தேன். தன் ரவிக்கையைத் திறந்து, பிள்ளையைத் தன் நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொண்டாள். பெற்ற பிறகு அவள் பிள்ளையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை. முதுகைத் தடவினாள், காலைத் தடவினாள். சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், கண்ணில் ஒரு வெளிச்சம்.

“சூடா இருக்காளே! ஏங்க, நல்லா சூடா இருக்காளே!”

வார்டில் எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அது என் சூடு,” என்றேன்.